நிலைக்குழுப் பேச்சு விவாதத் தேடலில் வராது

மக்களவை இணையதளத்தின் விவாதத் தேடலில் ஓர் உறுப்பினரின் பெயரைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, நாடாளுமன்ற நிலைக்குழுவில் (அமைச்சகங்களின் பணிகளை ஆராயும் உறுப்பினர் குழு) அவர் வாய் திறக்கவே இல்லை என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். இது தவறான முடிவு. அந்தத் தேடல் அவைக்குள் நடந்த விவாதங்களை மட்டுமே காட்டும். மக்களவை நடைமுறை விதிகளின் 266ஆம் விதிப்படி குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல. அங்கே யார் என்ன கேட்டார் என்ற சொல்லுக்குச் சொல்லான பதிவும் வழக்கமாக வெளியிடப்படுவதில்லை. நமக்குக் கிடைப்பவை, அறிக்கையின் பின்னிணைப்பில் வரும் சுருக்கமான கூட்டக் குறிப்பும், வந்திருந்தோர் பட்டியலும், உறுப்பினர் எவரேனும் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும்தான். அவற்றைக் கொண்டு வருகையைச் சரிபார்க்கலாம். பேசினாரா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அறிய முடியாது.

அவை விவாதத்திலும் எல்லாம் இருக்காது. 380ஆம் விதியின்கீழ் மக்களவைத் தலைவர் நீக்கச் சொன்ன சொற்களின் இடத்தில் நட்சத்திரக் குறிகளே இருக்கும். நட்சத்திரக் குறியிடாத கேள்விகளுக்கு (அவையில் வாய்மொழிப் பதில் கோராதவை) எழுத்தில்தான் பதில் தரப்படும் என்பதால், அவற்றைக் கேள்விகளுக்கான தனிப் பக்கத்தில் தேட வேண்டும்.

குழுவில் பேசவே இல்லை என்பது ஒருவரின் பொது வாழ்க்கையைக் குறைகூறும் அளவுக்குக் கனமான குற்றச்சாட்டு. ஆகவே, பதிவிட்டவர் அதை அவையில் பேசியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையேல், அக்குழுவின் அறிக்கைகளில் உள்ள வருகைப் பட்டியலை எடுத்துக்காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.