பிளக்ஸ் வேண்டாம் என்றாள் பாப்பா

போன தை மாதம் என் மகள் பெரியவளானாள். வயது 12. சேதி போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பாலக்கோட்டிலிருந்து அண்ணன் போன். சீர்த்தட்டு எத்தனை, சமையலுக்கு யார் என்றெல்லாம் பிறகுதான் பேசினார். முதலில் கேட்டது, "பாப்பாவோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பு, பிளக்ஸ் அடிக்கணும்."

நானும் அனுப்பியிருப்பேன். பக்கத்தில் உளுந்தங்களி தின்றுகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ரோட்டுல என் போட்டோ வைக்காதீங்கம்மா. எங்க கிளாஸ் பசங்க அங்கதான் பஸ் ஏறுவாங்க" என்றாள்.

எனக்கு இதே சடங்கு நடந்தது 1996-இல். அப்போது பிளக்ஸ் கிடையாது, குழாய் ரேடியோ. மூன்று நாள் ஊரே கேட்டது. பள்ளிக்குத் திரும்பிய அன்று கணக்கு வாத்தியார் எல்லார் முன்னாலும், "என்னம்மா, விசேஷமா?" என்று சிரித்தார். பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குக் கோபம். "தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். அவர் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. (பாசத்தில் செய்வதைத் தடுப்பதுதான் கஷ்டம், வம்புக்குச் செய்வதைத் தடுத்துவிடலாம்.) ஆனால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பாருங்கள். 2012-இல் வந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. குற்றம் நடந்த பிறகு இவ்வளவு மறைக்கச் சொல்கிறார்கள். எதுவும் நடக்காதபோது நாமே பத்தடி உயரத்தில், இவள் வயதுக்கு வந்துவிட்டாள் என்று படத்தோடு பஸ் ஸ்டாண்டில் நிறுத்துகிறோம்.

பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை என் மகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். சரி. வீட்டில்? "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்போம். பிள்ளை நெளியும். "வெட்கத்தைப் பாரு" என்று சிரித்துக்கொண்டே தூக்கி மடியில் உட்கார வைப்போம். அது வெட்கமா, வேண்டாம் என்பதா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? போக்சோ வழக்குகளில் பெரும்பாலும் சிக்குகிறவர்கள் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். நம் வீட்டுக் காபியைக் குடித்தவர்கள்.

சொன்னால் கேட்க ஆள் வேண்டும். 2024-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாணவிகள் பாலியல் புகார் சொன்ன போலி என்.சி.சி. முகாம் வழக்கு வந்ததே, அதில் முகாம் நடத்தியவனோடு பள்ளித் தரப்பு ஆட்களும் கைதானார்கள். தெரிந்தும் மறைத்தார்கள் என்பது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே போக்சோவில் குற்றம். பிளக்ஸ் வேண்டாம் என்பதையே காதில் வாங்காத அம்மாவிடம், அதைவிடப் பெரியதை எந்தப் பிள்ளை வந்து சொல்லும்?

சடங்கு நடந்தது, சீரும் வந்தது, பிளக்ஸ் மட்டும் வைக்கவில்லை. அப்புறம் வைகாசியில் அண்ணன் பையனுக்குக் காதுகுத்து. வாட்ஸப்பில் வந்த பிளக்ஸ் மாதிரியில், வரவேற்கும் குட்டிகள் வரிசையில் ஒரு வட்டத்துக்குள் என் மகள் முகம். அவளே போன் போட்டு, "மாமா, என்னை எடுத்துடுங்க" என்றாள். "உன் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டே எடுத்துவிட்டார். அந்த வட்டத்துக்குள் இப்போது அவருடைய புல்லட் நிற்கிறது.