ஏரியின் புண் ஆறாமல் அவள் எப்படி ஆறுவாள்?

ஓர் ஏரியைப் பெண்ணாக்கி எழுதிய கதை இருக்கிற தொகுப்பு, அதன் விமர்சனக் கூட்டத்தின் காணொளியை உங்களில் பாதிப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள். அதனால் கதைச் சுருக்கம் சொல்லப்போவதில்லை. மேடையில் பேசியவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவரோடு எனக்குச் சண்டை கிடையாது, அவர் சொன்ன ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை. "கதை முழுக்க இருமிக்கொண்டே இருக்கிறாளே அந்த ஏரிப்பெண், கடைசிப் பக்கத்திலாவது அவளைக் குணப்படுத்தியிருக்கக் கூடாதா? கற்பனைதானே, காசா பணமா?" உடனே கைதட்டல், சிரிப்பு. முன்வரிசையில் இருந்த கதாசிரியை மடியில் கிடந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரிப்பது காணொளியில் தெரிகிறது. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஏரியின் புண் ஆறாமல் அவள் ஆற முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு விட மனம் வரவில்லை.

அவள் ஏரிக்கரையில் குடியிருக்கும் பெண் இல்லை. ஏரியே அவள்தான். முதல் பக்கத்திலேயே கதாசிரியை இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். லாரிகள் இடிபாட்டு மண்ணைக் கொட்டுகிற இரவில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. மதகை அடைக்கிற அன்று அவள் தொண்டை அடைக்கிறது. இதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொண்டு வாசித்தோம் அல்லவா? மண் விழுந்தபோது அவள் உடம்பும் ஏரியும் ஒன்று என்று ஒப்புக்கொண்டவர்கள், மருந்து கொடுக்கும்போது மட்டும் இரண்டும் வேறு வேறு என்று சொன்னால் எப்படி? ஏரி கட்டடங்களுக்கு அடியில் கிடக்க, அவள் மட்டும் ஒரு மந்திரத்திலோ ஒருவனின் காதலிலோ எழுந்து நடந்தால், நடப்பவள் வேறு யாரோ ஒருத்தி. ஏரிப்பெண் செத்துப்போய்விட்டாள் என்று பொருள். அந்த முடிவைத்தான் மகிழ்ச்சியான முடிவு என்று கேட்கிறார்கள்.

"கற்பனையில் எது வேண்டுமானாலும் நடக்கலாமே" என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நடக்கலாம். பறக்கலாம், பேய் பேசலாம், மலை எழுந்து உட்காரலாம். ஆனால் ஓர் இடத்தை ஓர் உடம்பாக்கிய பிறகு அந்த உடம்புக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது: இடத்துக்கு நேர்வது அதற்கும் நேரும், நேராதது நேராது. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பிறகு அவளை ஏரி என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? சும்மா ஒரு நோயாளி என்று எழுதிவிட்டுப் போகலாமே.

அதே கூட்டத்தில் இன்னொருவர், இது மேற்கிலிருந்து இறக்குமதியான உத்தி, நம் மரபில் இல்லாதது என்றார். இதற்கு எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. சிலப்பதிகாரத்தில் மதுராபதி யார்? மதுரை எரிகிறது. அழற்படு காதையின் கடைசி அடிகள், "கொந்தழல் வெம்மைக் கூரெரி பொறாஅள் வந்து தோன்றினள் மதுராபதி" என்று முடிகின்றன. வெம்மை பொறுக்கமுடியாமல் வருகிறாள். ஊர் எரியும்போது அந்த ஊரின் தெய்வத்துக்குச் சுடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் வருகிற விதத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் இருண்ட நீலம், மறுபக்கம் பொன்னிறம். ஒரு கையில் தாமரை, மறு கையில் வாள். ஒரு காலில் கழல், மறு காலில் ஒற்றைச் சிலம்பு. அவ்வளவு பெரிய தெய்வம் கண்ணகியின் முன்னால் வந்து நிற்கவில்லை, பின்னால் வருகிறாள். வந்து, என் குறையைக் கேள் என்கிறாள். மன்னிப்பும் கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை. பழம்பிறப்புக் கதையைச் சொல்கிறாள், பதினான்கு நாளில் கணவனைக் காண்பாய் என்கிறாள். அத்தனையும் கேட்ட பிறகு கண்ணகிக்கு ஆறிவிட்டதா? கொற்றவை வாயிலில் வளையலை உடைத்துவிட்டு, கிழக்கு வாயிலில் கணவனோடு புகுந்தேன், மேற்கு வாயிலில் தனியே போகிறேன் என்று அழுதபடி போகிறாள். இளங்கோவடிகளைப் பார்த்தும் இவர்கள் "கடைசியிலாவது குணப்படுத்தியிருக்கலாமே" என்று சொல்வார்களோ என்னவோ.

நகரத்தைப் பெண்ணாகப் பார்ப்பது எல்லா ஊரிலும் உண்டு. பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் எட்டுப் பிரெஞ்சு நகரங்களுக்கு எட்டுப் பெண் சிலைகள் இருக்கின்றன. 1871இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் ஜெர்மனியின் கைக்குப் போனது. மக்கள் அந்த நகரத்தின் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள், மலர்வளையம் வைத்தார்கள். முதல் உலகப்போர் முடிந்து 1918இல் நகரம் திரும்பிய பிறகுதான் துக்கம் கலைந்தது. நடுவில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. கல்தானே, துணியை எடுத்துவிட்டால் பார்க்க அழகாக இருக்குமே என்று அவர்கள் நினைக்கவில்லை. நகரம் வராமல் சிலைக்கு ஏது விடிவு?

இனி அந்தக் காயம்பட்ட அரசனைக் காட்டி வாதாடுவார்கள், தெரியும். ஐரோப்பிய இடைக்காலக் கதைகளில் வருகிற மீனவ அரசன். அவன் புண் ஆறாது, நாடும் அவனோடு சேர்ந்து பாழாகும். கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் அவன் குணமாகிவிடுகிறான் அல்லவா, அது மட்டும் சரியா என்பார்கள். அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். பின்னால் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிற இளைஞன் முதல் தடவை அரசனின் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான். வலியைக் கண்ணால் பார்க்கிறான். கேட்பது மரியாதை ஆகாது என்று வாயை மூடிக்கொண்டு எழுந்து போகிறான். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அலைகிறான். ஜெர்மானிய வடிவத்தில், திரும்பி வந்து அவன் கேட்பது இதுதான்: உமக்கு என்ன நோவு? ஒரு நொடியில் நடந்ததுபோலத் தெரிகிற குணத்துக்குப் பின்னால் அத்தனை ஆண்டு இருக்கிறது, ஒருவன் திரும்பி வந்து கேட்டது இருக்கிறது. நம் மேடையில் அன்று பேசிய மூன்று பேரில் ஒருவர்கூட ஏரிப்பெண்ணைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளுக்கு என்ன நோவு என்று கேட்காமலே எப்போது எழுந்திருப்பாள் என்று கேட்டார்கள்.

இங்கே நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் வலது கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி, தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அட, எல்லாம் சரியாகிவிட்டதே!" சரியாகவில்லை. ஒட்டிய தோலில் வியர்க்காது. உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கும்போது அந்த ஒரு இடம் மட்டும் காய்ந்து, தடித்து, பளபளவென்று இருக்கும். இரவில் அரிப்பு தாங்காமல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விரல்களை மடக்க ஒவ்வொரு நாளும் பயிற்சி. வந்தவர்கள் "சரியாகிவிட்டது" என்று சொல்லும்போதெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்வாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அவள் சீக்கிரம் குணமாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவளுக்காக இல்லை, அவர்களுக்காக. ஆறிய வடுத் தோல் பழைய தோலின் வலுவை முழுதாக ஒருபோதும் திரும்பப் பெறாது என்று அவளுக்கு மருத்துவம் பார்த்தவரே சொன்னார். அதற்காக அம்மா வாழாமல் போனாளா? அந்தக் கையோடுதான் எங்களை வளர்த்தாள். அந்தக் கையை மறைக்காமல் இருக்க அவளுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கைப்பையின் வாரைப் பார்த்ததும் எனக்கு முந்தானைதான் நினைவுக்கு வந்தது.

நிலமும் அப்படித்தான் ஆறுகிறது, பாதி பாதியாக. மத்திய ஆசியாவின் ஆரல் கடலைப் பாருங்கள். பருத்திப் பாசனத்துக்காக அதில் வந்து விழுகிற அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளைத் திருப்பிவிட்டதில், 1960களிலிருந்து சுருங்கியது. ஒருகாலத்தில் துறைமுகமாக இருந்த மொய்னாக்கில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. 2005இல் கஜகஸ்தான் பக்கம் கோக்காரல் அணை முடிந்த பிறகு வடபகுதியில் நீர் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. தெற்கே பெரும்பகுதி உப்புப் பாலையாகவே கிடக்கிறது. ஆரலை ஒருவர் பெண்ணாக எழுதினால் அவளை எப்படி எழுதுவார்? ஒரு கை அசையும், ஒரு பக்கம் மரத்துக் கிடக்கும். பேசும்போது வாயில் உப்புத் தூசி வரும். அவள் சிரிக்கவும் செய்வாள், ஏன் சிரிக்கக் கூடாது? எனக்கு அந்தக் கதை வேண்டும். ஆறுதல் தருகிற கதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆற்றை உண்மையிலேயே ஓர் ஆளாக நினைப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. "நானே ஆறு, ஆறே நான்" என்று சொல்கிற மாவோரி மக்களின் வாங்கனுயி ஆற்றுக்கு, நியூசிலாந்து நாடாளுமன்றம் 2017இல் சட்டப்படி ஆள் என்ற தகுதி கொடுத்தது. அதன் முகமாகப் பேச இருவர், ஒருவர் அரசு தரப்பில், ஒருவர் மக்கள் தரப்பில். அத்தோடு நிற்கவில்லை, ஆற்றின் நலத்துக்கென்று 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதியும் ஒதுக்கினார்கள். ஆளாக மதித்தால் வைத்தியச் செலவும் செய்யத்தான் வேண்டும். "காசா பணமா" என்று கேட்டாரே, அவருக்கான பதில் இதுதான். ஆமாம், காசும் பணமும்தான். வருடக்கணக்கான வேலையும்.

ஒரு தோழி உள்பெட்டியில் வேறு கேள்வி கேட்டிருந்தார். ஏன் எப்போதும் நிலம் பெண்ணாகவே இருக்கிறது, ஏன் எப்போதும் அவளே நோவைச் சுமக்கிறாள் என்று. நியாயமான கேள்வி, மறுக்கமாட்டேன். ஆனால் அன்று மேடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும். வாசகனுக்கு ஆறுதல் வேண்டாமா என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இருமுகிறவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆறுதல் கொடு என்று கேட்க என்னால் முடியாது.

அடுத்த பதிப்பில் முடிவை மாற்றித் தரச் சொல்லி பதிப்பகத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம். கதாசிரியையே நேற்று தொலைபேசியில் சொன்னார். மாற்றலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மாற்றாதீர்கள். கட்டாயப்படுத்தினால் தொகுப்பிலிருந்து அந்தக் கதையைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வேறு யாரும் போடவில்லை என்றால் என் பக்கத்தில் முழுதாகப் போடுகிறேன், அந்தக் கடைசிப் பக்கத்தோடு, அவள் இருமலோடு.