மாரடைப்பின்போது இருமினால் உயிர் பிழைக்கலாமா?

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால், மூச்சை ஆழ இழுத்து, தொடர்ந்து இருமினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் செய்தி தவறானது.

இதன் வேர் மருத்துவமனைக்குள் இருக்கிறது. ஆஞ்சியோகிராம் கூடத்தில் திடீரென இதயத் துடிப்பு தாறுமாறானவர்கள், இடைவிடாமல் இருமியதால் சிறிது நேரம் நினைவு தப்பாமல் இருந்ததை 1976இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அத்தகைய கூடத்திலோ இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ, மானிட்டரில் துடிப்பு மாறிய கணமே செவிலியர் அருகில் நின்று "இருமுங்கள், நிறுத்தாமல் இருமுங்கள்" என்று தூண்டுவது, மின்னதிர்ச்சிக் கருவியும் மருந்தும் தயாராகும் வரையிலான சில நொடிகளை ஈட்டுவதற்கு மட்டுமே.

வீட்டில் அந்த மானிட்டரும் இல்லை, அந்தச் செவிலியரும் இல்லை. மாரடைப்பு என்பது இரத்தக்குழாய் அடைப்பு. இருமல் அதை நீக்காது. இதயமே நின்றுவிட்டாலோ, சில நொடிகளில் நினைவிழப்பவரால் இருமவே முடியாது. அமெரிக்க இதயச் சங்கமும் பொதுமக்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. நல்லெண்ணத்தோடு பகிரப்படும் இச்செய்தி, பொன்னான நிமிடங்களை வீணாக்குவதுதான் மிகவும் வருத்தம் தருகிறது.

நெஞ்சு இறுகினால் உடனே 108ஐ அழைத்து, கதவைத் திறந்துவைத்து, உட்கார்ந்திருங்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள்.