பாலத்துக்கு முன்னால் முப்பது வருஷம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மா நகரம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்தப் பாலம்தான். 1965 மார்ச் 7, கறுப்பர்களின் வாக்குரிமைக்காகப் போன ஊர்வலம், காவலர்களின் தடியடி, கண்ணீர்ப்புகை, எட்மண்ட் பெட்டஸ் பாலத்தருகே அடிபட்டு மயங்கிக் கிடக்கும் ஒரு பெண்ணின் புகைப்படம். அவர் அமீலியா பாய்ன்டன். அப்போது வயது 53. "அன்றைக்கு அடிவாங்கியவர்" என்று மட்டும் சொல்லி அவரைக் கடந்துபோவது அநியாயம். அதற்கு முன்னால் முப்பது வருஷம் அவர் அந்த ஊரில் செய்துகொண்டிருந்தது, வாக்காளராகப் பதிவதற்கான விண்ணப்பத்தை நிரப்பக் கறுப்பர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

அதுவும் அம்மாவிடமிருந்து வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த காலத்தில், ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் குதிரைவண்டியில் சிறுமி அமீலியாவை ஏற்றிக்கொண்டு துண்டறிக்கை கொடுக்கப் போனவர் அந்தத் தாய்.

ஒரு படிவத்துக்கு ஏன் முப்பது வருஷம்? செல்மா இருக்கும் டல்லஸ் கவுண்டியில் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை மட்டும் திறக்கும். கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வரமுடியும். நீளமான படிவத்தில் அற்பப் பிழை இருந்தாலும் தள்ளுபடி. அரசியல் சட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். பதில் சரியா தப்பா என்று முடிவு செய்வதும் அதே பதிவாளர்தான். ஏற்கெனவே பதிவான ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று உறுதி சொல்லவேண்டும். வெள்ளைக்காரர் சொல்லமாட்டார், சொல்லக்கூடிய கறுப்பரோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான். இத்தனையும் தாண்டினால் ஆண்டுக்கு 1.50 டாலர் வாக்குவரி. 1960களின் தொடக்கத்தில் அங்கே வாக்களிக்கும் வயதில் இருந்த கறுப்பர் சுமார் 15,000 பேர். பதிவானவர்கள் சில நூறு பேர்.

அமீலியாவும் கணவர் சாமுவேலும் அரசின் வேளாண் விரிவாக்கப் பணியில் கிராமம் கிராமமாகப் போனவர்கள். பயிரையும் வீட்டையும் பற்றிப் பேசப் போன இடத்திலேயே படிவத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். முகத்தை ஏற்கெனவே தெரிந்த வீட்டில்தான் இந்தப் பேச்சு எடுபடும். வெளியூரிலிருந்து வந்து மேடை போடுகிறவரால் இதைச் செய்யமுடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அமீலியாவின் மகன் புரூஸ், சட்ட மாணவராக 1958 இறுதியில் விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியில், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் பேருந்து நிலைய உணவகத்தில் வெள்ளையருக்கான பகுதியில் உட்கார்ந்தார். எழ மறுத்ததால் கைது, 10 டாலர் அபராதம். கட்டிவிட்டுப் போயிருக்கலாம், மேல்முறையீடு செய்தார். கறுப்பர் உரிமை வழக்குகளுக்குப் பெயர்போன வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வாதாட, 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கிடையே பயணம் செய்பவர்களிடம் நிலைய உணவகத்திலும் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அலபாமாவில் வழக்கறிஞர் உரிமத்துக்குப் புரூஸைப் பல வருஷம் காக்கவைத்தார்கள்.

தீர்ப்பு வந்தது, தெற்கே பெரும்பாலான நிலையங்கள் மாறவில்லை. அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று காட்டவே 1961 மே மாதம் 13 பேர் வாஷிங்டனிலிருந்து பேருந்து ஏறினார்கள். அதுதான் சுதந்திரப் பயணம். அடி, தீவைப்பு, சிறை எல்லாவற்றுக்கும் பிறகு, நவம்பர் 1 முதல்தான் நிலையங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் போக்குவரத்து ஆணையத்தின் உத்தரவு அமலுக்கு வந்தது.

அந்தப் பயணத்தில் பின்னர் சேர்ந்து சிறை போனவர்களில் ஒருவர் பெர்னார்ட் லஃபாயெட். 1963 தொடக்கத்தில், 22 வயதில், கறுப்பர் உரிமைக்குப் போராடிய மாணவர் குழுவான எஸ்.என்.சி.சி. சார்பில் அவர் செல்மாவுக்கு வந்தார். 'அங்கே ஒன்றும் நடக்காது' என்று அவருடைய அமைப்பே ஒதுக்கிவைத்த ஊர் அது. இடம் கொடுத்தவர் அமீலியா. மகனின் வழக்கால் சாத்தியமான பயணத்தில் சிறை சென்ற பையன், அம்மாவின் அலுவலகத்தில் வந்து வேலை தொடங்குகிறான்! இந்தச் சங்கிலியைப் பாடப்புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை?

அந்த 1963 மே மாதம் சாமுவேல் காலமானார். அவருக்கான இரங்கல் கூட்டமே செல்மாவின் முதல் பெரிய வாக்காளர் பதிவுக் கூட்டமானது. அக்டோபர் 7 அன்று சுமார் 350 பேர் நீதிமன்ற வாசலில் வரிசையில் நின்றார்கள். தண்ணீருக்கு நகர்ந்தால் இடம் போய்விடும். தண்ணீரும் உணவும் கொண்டுவந்த இளைஞர்களைக் காவலர்கள் அடித்தார்கள். பாலத்துக்கு இன்னும் பதினேழு மாதம் இருந்தது.

1965 ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 2013இல் அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், தேர்தல் விதிகளை மாற்ற எந்தெந்த மாநிலங்கள் மத்திய அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்று தீர்மானித்த அந்தச் சட்டத்தின் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறு வருஷமே, வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும் என்ற விதியை அலபாமா அமலாக்கியது. அமீலியா அப்போது உயிரோடுதான் இருந்தார். வயது 102.