இரண்டு ஸ்டாஃபிலும் ஒரே சுரம் வருவது அச்சுப்பிழை அல்ல

பியானோ இசைத்தாளில் வலக்கை, இடக்கை இரண்டின் ஸ்டாஃபிலும் (சுரங்கள் எழுதப்படும் ஐந்து கோடுகளின் தொகுதி) ஒரே சுரம் ஒரே நேரத்தில் வந்தால் அது அச்சுப்பிழை என்றும், ஒன்றை நீக்கிவிடலாம் என்றும் சிலர் கூறுவதுண்டு. அன்புகூர்ந்து நீக்கிவிட வேண்டாம். இரண்டு இசைவரிகள் ஒரே கட்டையில் சந்திக்கின்றன என்பதைக் காட்டவே அது இருமுறை எழுதப்படுகிறது; வசதியான கையால் ஒருமுறை அழுத்தினால் போதும், ஆனால் இரண்டில் நீண்ட கால அளவு முடியும்வரை கட்டையை விடக் கூடாது. இடக்கையில் மினிமும் (இரண்டு கிராட்செட் அளவுச் சுரம்) வலக்கையில் குவேவரும் (அரை கிராட்செட், அதாவது மினிமின் கால் பங்குச் சுரம்) இருக்கும்போது இடக்கைச் சுரத்தை நீக்கினால், ஒலி கால் பங்கிலேயே நின்றுவிடும்.

சரிபார்க்க விரும்புவோர், ஒவ்வொரு கையையும் தனியாக மெதுவாக வாசித்து, அந்தச் சுரம் இல்லாமல் எந்த வரி அறுந்துபோகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். இப்படிக் கைகள் சந்திக்கும் இடங்களைப் பார்க்க, 1741இல் அச்சான, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு விசைப்பலகைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கானது (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) என்று அதன் முகப்பிலேயே உள்ளது. அங்கே சில வேரியேஷன்களில் கைகள் தனித்தனிப் பலகைகளில் இயங்கின, ஒற்றைப் பலகை கொண்ட பியானோவில்தான் (வாசித்தவர்களுக்குத் தெரியும்) விரல்கள் முட்டிக்கொள்கின்றன.