தவிலுக்கு எத்தனை குச்சி?

ஏஐ வைத்துப் போட்ட அந்த நாவல் அட்டைப்படத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். "ஓவியர்களுக்கு வயிற்றெரிச்சல்" என்று ஒருவர் போட்ட கமெண்ட்டுக்கு நாவலாசிரியரே இதயம் விட்டிருக்கிறார். சரி, வயிற்றெரிச்சல்தான். எழுதிவிடுகிறேன்.

தவில் வித்வான் ஒருவரைப் பற்றிய நாவல். அட்டையில் ஏஐ போட்ட வித்வான் இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு வெளுத்து வாங்குகிறார். தவிலுக்கு ஒரு கையில்தான் கழி. இன்னொரு கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிறுகதைக்குப் படம் போடுவதற்காகக் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்த பெரியவர் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மாவுப் பசையில் துணியைச் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருந்தது. "பூவரசங் கழி தம்பி, பிடிச்சுப் பாருங்க" என்றார். அந்தப் படத்துக்கு 400 ரூபாய் வந்தது. பஸ் செலவு என்னுடையது.

"அடுத்த வெர்ஷன் சரியாகப் போடும்" என்பீர்கள். போடும். எப்படிப் போடும்? எங்களை மாதிரி ஆட்கள் உட்கார்ந்து பார்த்து வரைந்ததையெல்லாம் இணையத்திலிருந்து அள்ளித் தின்றுவிட்டுப் போடும். யாரைக் கேட்டார்கள்?

"ஃப்ளெக்ஸ் வந்தபோதும் இப்படித்தான் அழுதீர்கள்." இதை என்னிடமா சொல்கிறீர்கள்? அப்பா மவுண்ட் ரோட்டில் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் அவர் வேலையைப் பிடுங்கியது. ஆனால் அவர் வரைந்த முகங்களைத் தின்று வளரவில்லை. அவரும் ஸ்டில்லைப் பார்த்துக் கட்டம் போட்டு வரைந்தவர்தானே என்று கிளம்பாதீர்கள். அந்த ஸ்டில்லைக் கையில் கொடுத்ததே படக் கம்பெனி.

கேட்பது அவ்வளவு கஷ்டமா? 2024இல் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ வைத்துப் பாட்டில் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதிலேயே எனக்கு உறுத்தல் உண்டு. செத்தவருக்காக யார் சரி சொல்வது? ஆனாலும் கேட்டார்.

முந்நூறு பிரதி அடிக்கும் பதிப்பகம் ஓவியருக்குப் பணத்துக்கு எங்கே போகும் என்பது நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். தலைப்பை மட்டும் போட்டு அட்டை செய்யுங்கள், அழகாகவே இருக்கும்.

அப்புறம், 2025 மார்ச்சில் ஊரே போட்டோவை ஏஐயிடம் கொடுத்து ஜப்பான் கார்ட்டூன் பாணியில் கிப்லி படம் போட்டபோது நானும் மகள் போட்டோவை மாற்றிப் போட்டேன். மறுநாளே எடுத்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நாவலாசிரியரின் முதல் இரண்டு புத்தகங்களுக்கும் அட்டை வரைந்தது நான். முதலாவதற்குக் காசே வாங்கவில்லை. புத்தகக் கண்காட்சியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க வரைஞ்ச பிறகுதான் தோழர் அந்தக் கதைப் பொண்ணோட முகமே எனக்குத் தெரிஞ்சுது" என்றார். இந்த முறை ஒரு போன் பண்ணியிருக்கலாம். வரைய வேண்டாம், காசும் வேண்டாம். அந்த ஏஐ படத்தையே வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால்கூட, தவிலுக்கு ஒரு குச்சிதான் தோழர் என்றாவது சொல்லியிருப்பேன்.