22 லட்சம் பொருளை யாரும் கண்டுபிடிக்கவில்லை

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "ஏஐ 22 லட்சம் புதுப் பொருள்களைக் கண்டுபிடித்துவிட்டது, இனி கெமிஸ்ட்ரி லேப் எதற்கு?" என்று அந்த நண்பர் கேட்டதும் கமெண்டில் ஒரே கைதட்டல். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

கண்டுபிடிக்கவில்லை. 2023 நவம்பரில் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்ட் வெளியிட்டது ஒரு கணிப்புப் பட்டியல். அணுக்களை இப்படி அடுக்கினால் படிகம் நிலைக்கலாம், அவ்வளவுதான். நிலையானவை என்று அவர்களே சொன்னது சுமார் 3.8 லட்சம். அந்தப் பட்டியலை அடுத்த வருஷம் சீத்தம், ராம் சேஷாத்ரி என்ற இரு பொருளியல் வேதியியலாளர்கள் அலசினார்கள். புரொமீத்தியம், ஆக்டினியம் மாதிரி கதிரியக்கத் தனிமங்களை வைத்தெல்லாம் அதில் சேர்மங்கள் இருந்தன. ஆக்டினியத்தை வைத்து யார் பேட்டரி செய்யப் போகிறார்கள்?

நான் ஏஐக்கு எதிரி என்று இப்போதே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். ஐயா, என் பிழைப்பே அதில்தான். அணுக்களின் ஆற்றலைக் குவாண்டம் விதிகளின்படி கணிக்கும் டிஎஃப்டி கணக்கில் அணுக்களை இரட்டித்தால் வேலை எட்டு மடங்காகிறது. சில நூறு அணுக்களிலேயே மூச்சு வாங்கும். 2007இல் பெலர், பாரினெல்லோ என்ற இரு விஞ்ஞானிகள் அந்த ஆற்றலை நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்த பிறகுதான் லட்சம் அணுக்களை ஓடவிடும் காலம் வந்தது. அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் காட்டியதைத்தான் அது கற்கும். காட்டாத இடத்தில் தைரியமாகத் தப்புச் சொல்லும்.

போன வருஷம் ஒரு மாணவி ரெடிமேட் மாடல் ஒன்றை இறக்கி, ஓர் ஆக்சைடு உருகலை 3000 கெல்வினில் ஓட்டினாள். ஆக்சிஜன் மூலக்கூறிலேயே இரண்டு அணுக்களுக்கு நடுவே 1.21 ஆங்ஸ்ட்ராம் உண்டு. திரையில் இரண்டு ஆக்சிஜன்கள் அதில் பாதி தூரம்கூட இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. ஆற்றல் மட்டும், ஏதோ பொருள் நிலையாகிறது என்பது போல, மளமளவென்று இறங்கிக்கொண்டே போனது. மாடல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அந்தப் பெண்தான் பார்த்தாள், நிறுத்தினாள். "பட்டனைத் தட்டினால் போதும்" என்கிறவர்கள் அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

போகப்போகச் சரியாகிவிடும் என்பீர்கள். ஆகும். சரி. அதற்கான தரவை யார் தருவார்கள்? அதே லேப்காரர்கள்தானே?

பொறாமை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வலித்தது.

அதே 2007இல்தான் முருகன், தங்கதுரை, வெப்னர் மூவரும் லித்தியம் லாந்தனம் சிர்கோனியம் ஆக்சைடு கார்னெட்டை, அதாவது லித்தியம் அயனிகள் உள்ளே ஓடக்கூடிய ஒரு திடப் படிகத்தை, வெளியிட்டார்கள். இன்று திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்த திட பேட்டரி பற்றிப் பேசும் எல்லோரும் அந்தப் பொருளைப் பேசுகிறார்கள். அதன் கனசதுர வடிவம் அறை வெப்பநிலையில் நிலைத்ததற்கு அதைச் சுட வைத்த அலுமினா குருசிபிளிலிருந்து (அலுமினியம் ஆக்சைடு கிண்ணம்) உள்ளே போன அலுமினியம் காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. செய்முறையில் யாரும் எழுதாத அலுமினியம்! லித்தியமும் லாந்தனமும் சிர்கோனியமும் ஆக்சிஜனும் மட்டும் கொடுத்த மாடல் அதை எங்கிருந்து சொல்லும்? ஃபர்னஸ் முன்னால் நின்றவர்கள்தான் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர், சின்னக் கல்லூரி, ஃபர்னஸின் ஹீட்டிங் எலிமெண்ட் மாற்றப் பணம் கேட்டார். "இதெல்லாம் இப்போ ஏஐயே பண்ணுதே சார்" என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்று நீங்கள் தட்டிய கைதட்டல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? முப்பது வருஷமாகப் பவுடர் அரைத்த மனுஷன். அடுத்த நேரலைக்கு அவரையும் கூப்பிடுங்கள். அவர் பேசட்டும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.